மாணவராகவே மறைந்த மகான்: பியர் ஜோர்ஜோ ஃபிரசாத்தி

இத்தாலி நாட்டின் வடமேற்கில், பனி மூடிய ஆல்ப்ஸ் மலைகள் கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்க, போ நதியின் கரையில் அமைந்திருக்கிறது டூரின் நகரம். மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர் பெற்ற அந்நகரில் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், ஈஸ்டர் பெருவிழாவிற்கு முந்திய புனித சனிக்கிழமையன்று, பியர் ஜோர்ஜோ ஃபிரசாத்தி பிறந்தார். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 24 ஆண்டுகளும் ஏறக்குறைய மூன்று மாதங்களும் மட்டுமே. மடம் எதையும் அவர் நிறுவவில்லை. சாஸ்திர நூல் எதையும் இயற்றவில்லை. துறவாடை அணிந்து வீட்டை விட்டு வெளியேறவும் இல்லை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பொறியியல் கல்லூரி மாணவராக இருந்து, பட்டம் பெறுவதற்கு முன்பே மறைந்தார். அவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக அறிவித்தது.

மகான்களின் வரலாறுகளில் பெரும்பாலானவை, அவர்கள் உலகைத் துறந்து புறப்பட்ட நாளிலிருந்துதான் சூடு பிடிக்கின்றன. பியர் ஜோர்ஜோவின் வரலாற்றில் அத்தகைய நாள் ஒன்று இல்லை. வகுப்பு, தேர்வு, நண்பர்கள், மலையேற்றம், குடும்பத்தின் மனக்கசப்புகள் ஆகியவற்றிற்கு நடுவிலேயே அவரது சாதனை முழுவதும் நிகழ்ந்தது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பெற்றோருக்கும் அது தெரியாமலிருந்தது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு.

செல்வம் இருந்த வீடு

தந்தை அல்ஃபிரெடோ ஃபிரசாத்தி, இத்தாலியின் முன்னணி நாளிதழ்களுள் ஒன்றான 'லா ஸ்தாம்பா'வை வளர்த்தெடுத்தவர்; அதன் உரிமையாளராகவும் ஆசிரியராகவும் விளங்கியவர். 1913-இல் நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். 1920-இன் இறுதியில் ஜெர்மனிக்கான இத்தாலியத் தூதராக நியமிக்கப்பட்டார். நேர்மையும் கண்டிப்பும் மிக்கவர். ஆனால் இறைநம்பிக்கை அற்றவர். தாய் அடெலெய்டே அமெத்திஸ் ஓர் ஓவியர். அவர் ஞாயிறு வழிபாட்டிற்குச் செல்வார் என்றாலும், சமயம் என்பது அளவோடு நிற்க வேண்டிய ஒன்று என்பதே அவரது எண்ணம். பெற்றோர் இருவருக்கும் இடையே மன ஒற்றுமை இல்லை. உணவு மேசையில் மௌனமே ஆட்சி செய்த அவ்வீட்டில், தம்மைவிட ஒன்றரை வயது இளையவரான தங்கை லூசியானா மட்டுமே பியர் ஜோர்ஜோவிற்கு உற்ற துணை.

இரக்கம் அவரிடம் இளமையிலேயே இயல்பாக இருந்தது. வெறுங்காலுடன் நின்ற ஒரு குழந்தையோடு பிச்சை கேட்டு வந்த பெண்ணுக்குத் தம் காலணிகளையும் காலுறைகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டார் யாரும் பார்ப்பதற்குள் கதவைச் சாத்தினார் என்று அவரது சிறு பருவத்தைப் பற்றிக் கூறுவர். கொடுத்ததை மறைக்கும் வழக்கமும் அப்போதே தொடங்கிவிட்டது போலும்.

படிப்பில் அவர் கூர்மையானவர் அல்லர். லத்தீன் மொழித் தேர்வில் தோல்வியுற்றதால், இழந்த ஆண்டை ஈடு செய்வதற்காக இயேசு சபைத் துறவிகள் நடத்திய 'இஸ்தித்தூத்தோ சொசியாலே' என்ற பள்ளியில் சேர்க்கப்பட்டார். தந்தைக்கு அது ஓர் அவமானம். ஆனால் பியர் ஜோர்ஜோவின் வாழ்வு திசை திரும்பியது அங்கேதான். கிறிஸ்தவ வழிபாடான திருப்பலியில், அப்பத்தின் வடிவில் இயேசுவையே உட்கொள்வதாக விசுவாசிகள் கொள்ளும் நற்கருணையை நாள்தோறும் பெறுமாறு அங்கிருந்த துறவிகள் அவருக்கு வழிகாட்டினர். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் மிகுந்த பக்தியுடையோரும் ஆண்டிற்குச் சில முறையே நற்கருணை பெறுவர். அதனை அடிக்கடி, இயன்றால் தினமும் பெறலாம் என்று உரோமை அறிவித்ததே 1905-இல்தான். மகன் சமயப் பித்தனாகி விடுவானோ என்று தாய் அஞ்சினார். பலமுறை வேண்டிய பின்னரே அனுமதி கிடைத்தது. அன்று தொடங்கிய அந்த விரதத்தை அவர் இறுதிவரை விடவில்லை. மலையேறச் செல்லும் நாட்களிலும், விடியலுக்கு முந்திய திருப்பலியில் கலந்துகொண்ட பிறகே ரயில் ஏறுவார்.

சுரங்கத்தை நோக்கி

1918-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், முதல் உலகப் போர் முடிந்த தறுவாயில், டூரின் ராயல் பாலிடெக்னிக்கில் அவர் சேர்ந்தார். பெயர் அவ்வாறிருப்பினும், அது நம் நாட்டுப் பட்டயப் பள்ளிகளைப் போன்றதன்று. இத்தாலியின் தலைசிறந்த பொறியியல் கல்லூரிகளுள் ஒன்று. இயந்திரவியலில் சுரங்கப் பிரிவை அவர் தேர்ந்தெடுத்தார். தொழிலாளர்களிலேயே மிகக் கடினமான, மிக ஆபத்தான வேலையைச் செய்வோர் சுரங்கத் தொழிலாளர்கள். பொறியாளராகச் சென்றால் அவர்களோடு வாழ்ந்து அவர்களது நிலையை உயர்த்தலாம் என்பது அவரது எண்ணம்.

குருவாகிவிடலாமா என்ற கேள்வியும் அவருக்குள் எழுந்ததுண்டு. தந்தை தூதராக இருந்த காலத்தில் ஜெர்மனிக்குச் சென்ற அவர், பெர்லினில் கார்ல் சொன்னென்ஷைன் என்ற குருவைச் சந்தித்தார். மாணவர்களையும் தொழிலாளர்களையும் ஒன்றிணைத்து நகரத்து ஏழைகளிடையே பணியாற்றி வந்த அவரது முன்மாதிரி இளைஞரை வெகுவாக ஈர்த்தது. எனினும் தம் நாட்டில் ஒரு குருவால் நுழைய முடியாத இடங்களிலும் ஒரு பொறியாளரால் நுழைய முடியும் என்று பியர் ஜோர்ஜோ முடிவு செய்தார். 1921-இல் ஜெர்மன் மொழி கற்பதற்காக ஃப்ரைபுர்க் நகரில் ராஹ்னர் குடும்பத்தாருடன் சில காலம் தங்கினார். அவ்வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவரான கார்ல் ராஹ்னர், பின்னாளில் 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய இறையியல் அறிஞர்களுள் ஒருவரானார். தம் வீட்டிற்கு வந்த அந்த எளிய விருந்தாளியை அவர் மறக்கவேயில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் பியர் ஜோர்ஜோவைப் பற்றி லூசியானா எழுதிய நூலுக்கு முன்னுரை வழங்கினார்.

கல்லூரிச் சூழல் பக்திக்கு இசைந்ததாக இல்லை. அறிவியல் கற்றவனுக்குக் கடவுள் தேவையில்லை என்பது அந்நாளைய கற்றோரிடையே பரவலாக இருந்த கருத்து. மறுபுறம், 1920 செப்டம்பரில் டூரின் ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றினர்; நகரெங்கும் செங்கொடிகள் பறந்தன. சமயம் செல்வர்களின் கருவி என்று ஒரு சாரார் கூற, அது அறியாமையின் எச்சம் என்று மற்றொரு சாரார் கூறினர். பியர் ஜோர்ஜோ இவர்களோடு நீண்ட வாதங்களில் ஈடுபட்டதாகத் தெரியவில்லை. கத்தோலிக்க மாணவர் கூட்டமைப்பின் கிளையான 'செசாரே பால்போ' வட்டத்தில் 1919-இல் சேர்ந்தார். வழிபாட்டு அறிவிப்புகளைக் கல்லூரிப் பலகையில் ஒட்டுவார். எதிர்ப்பாளர்கள் அவற்றைக் கிழிக்க வந்தால் முன்னால் போய் நிற்பார். உடல் வலிமை மிக்க அந்த மலையேறியிடம் மோதுவதற்கு முன் யாரும் சற்று யோசிப்பார்கள்.

கல்வியை அவர் அலட்சியப்படுத்தியதும் இல்லை. எளிதில் வராத பாடங்களோடு மணிக்கணக்கில் போராடினார். படிப்பது அவருக்கு இறைவன் அப்போதைக்குத் தந்திருந்த கடமை. ஆகவே தேர்வு நெருங்கும் காலங்களில், உயிரினும் மேலாக நேசித்த மலைகளையும் ஒதுக்கி வைத்தார். பக்தியைக் காரணம் காட்டிப் படிப்பிலிருந்து நழுவும் மாணவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர் அப்படிப்பட்டவர் அல்லர்.

மாடிப்படிகளின் உச்சியில்

1918-ஆம் ஆண்டிலேயே அவர் புனித வின்சென்ட் தெ பவுல் சங்கத்தில் உறுப்பினரானார். இச்சங்கமே மாணவர்களால் உருவானதுதான். 1833-இல், இன்றைய கிறிஸ்தவம் ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் எழுப்பிய சவாலுக்கு விடையாக, ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் பாரிஸ் நகரில் இதனைத் தொடங்கினர். சங்கத்தின் முறை எளிமையானது. உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடிப் பிரார்த்திப்பர். ஏழைக் குடும்பங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வர். பணத்தை அனுப்பி வைப்பதோடு நில்லாமல் ஒவ்வொரு வீட்டிற்கும் தாமே நேரில் செல்வர். நேரில் செல்வது என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. தானம் கொடுப்பவர் மாடிப்படி ஏற வேண்டும், பெறுபவரின் அறையில் அமர வேண்டும், அவரது பெயரையும் கவலைகளையும் அறிய வேண்டும்.

டூரினில் ஏழைகள் வாழ்ந்தது பெரும்பாலும் பழைய கட்டடங்களின் மேல்தளங்களில், கூரையை ஒட்டிய சிற்றறைகளில். வேலையிழந்தோர், போரில் ஊனமுற்றோர், காசநோயாளிகள், கைவிடப்பட்ட பெண்கள் எனப் பலர் அங்கே இருந்தனர். வகுப்புகள் முடிந்ததும் கைகளில் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு பியர் ஜோர்ஜோ அப்படிகளில் ஏறுவார். நாடறிந்த பத்திரிகை அதிபரின் மகன், மூட்டை தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு, நகைத்தவர்களும் உண்டு. ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு வேலைக்கான சிபாரிசு, வேறொருவர் அடகு வைத்த பொருளை மீட்டுத் தருதல், ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்திற்கு ஏற்பாடு என அவரது பணி பலவகைப்பட்டது.

செல்வரின் மகன் என்பதால் இதற்கெல்லாம் பணம் தாராளமாகக் கிடைத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளைகளின் கைச்செலவு விஷயத்தில் தந்தை மிகவும் கண்டிப்பானவர். எனவே டிராம் வண்டிக்கெனக் கொடுத்த காசு ஏழையின் கைக்குப் போகும். மாணவர் வீட்டிற்கு ஓடியே வருவார். உணவு வேளைக்குத் தாமதமாக வந்ததற்காகத் தந்தையின் கடுஞ்சொல்லை மௌனமாக ஏற்பார். ரயிலில் மூன்றாம் வகுப்பிலேயே பயணம் செய்து, மிச்சத்தைச் சேர்ப்பார். பெர்லினின் கடுங்குளிரில் தம் மேலங்கியை ஒரு முதியவருக்குக் கொடுத்துவிட்டு வந்து, அதற்கும் ஏச்சு வாங்கினார் என்பர். இவ்வளவு நேர்ந்தும், தாமதத்தின் காரணத்தை அவர் வீட்டில் சொல்லவேயில்லை. பொறுப்பற்ற பிள்ளை, எதிலும் பிடிப்பில்லாதவன் என்பதே பெற்றோரின் முடிவு. அம்முடிவைத் திருத்துவதற்கு ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தும், அந்த ஒரு வார்த்தையை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். பசியைப் பொறுப்பதைவிட இது கடினமான தவம். தான் நேசிக்கின்றவர்களால் தவறாக மதிக்கப்படுவதை ஏழாண்டுகள் பொறுப்பது எளிதன்று.

துர்நாற்றமும் நோயும் நிறைந்த அவ்விடங்களுக்கு எவ்வாறு அருவருப்பின்றிப் போக முடிகிறது என்று நண்பர்கள் அவரிடம் கேட்டதுண்டு. அவரது புரிதலில் காலை வழிபாடும் மாலைச் சந்திப்பும் இரண்டல்ல. விடியலில் நற்கருணையின் வடிவில் இயேசு தம்மைக் காண வருகிறார்; அந்த வருகைக்குப் பிரதியாக, நோயாளியின் படுக்கையருகே இருக்கும் அதே இயேசுவைக் காணத் தாம் செல்கிறார். தியானம் உயர்ந்ததா, செயல் உயர்ந்ததா என்ற கேள்வியை மேனாட்டுச் சிந்தனை பல நூற்றாண்டுகளாக விவாதித்து வந்திருக்கிறது. இம்மாணவர் அக்கேள்வியைத் தத்துவமாக ஆராயவில்லை. காலையில் பெற்றதை மாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவே.

அவரது உள் வாழ்வு ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டிருந்தது. ஜெபமாலை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். தெருவில் நடக்கும்போதும் அது விரல்களுக்கிடையே உருளும். பவுலடியாரின் கடிதங்கள், புனித அகஸ்டின், சியன்னா நகர் கத்தரீன், தாந்தே ஆகியவற்றை விரும்பிப் படித்தார். சில இரவுகளில் கோவிலில் நற்கருணையின் முன் விடிய விடிய விழித்திருந்து பிரார்த்தித்து, மறுநாள் நேரே வகுப்பிற்குச் செல்வார். 1922-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், டூரினின் சான் டொமெனிக்கோ ஆலயத்தில் புனித டொமினிக் மூன்றாம் சபையில் சேர்ந்தார். உலகியல் வாழ்வில் இருந்துகொண்டே துறவற சபை ஒன்றின் நெறியைக் கடைப்பிடிக்க விரும்புவோருக்கான அமைப்பு அது. அங்கே அவர் ஏற்ற பெயர் 'ஜிரோலாமோ'. ஃபுளோரன்ஸ் நகரின் ஆடம்பரத்தையும் அதிகாரத்தில் இருந்தோரின் ஒழுக்கக்கேட்டையும் அஞ்சாது கண்டித்து, 1498-இல் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்ட ஜிரோலாமோ சவோனரோலா என்ற துறவியின் நினைவாகவே அப்பெயரைத் தேர்ந்தார். சாதுவான மாணவருக்கு இது வியப்பான தேர்வு என்று தோன்றலாம். ஆனால் அவரது சாந்தம் அச்சத்திலிருந்து பிறந்ததன்று என்பதற்கு அடுத்த நிகழ்ச்சிகளே சான்று.

அஞ்சாத நெஞ்சம்

தனித்தனி ஏழைக்கு உதவுவது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது, ஏழ்மையை உண்டாக்கும் நிலைகளும் மாற வேண்டும் என்று பியர் ஜோர்ஜோ கருதினார். ஆகவே லூயிஜி ஸ்தூர்சோ என்ற குரு 1919-இல் நிறுவிய மக்கள் கட்சியில் 1920-இல் சேர்ந்தார். 1921-இல் உரோமையில் கத்தோலிக்க இளைஞர் மாநாட்டையொட்டி நடந்த ஊர்வலத்தைக் காவலர்கள் தாக்கியபோது, சங்கக் கொடியைக் கையிலிருந்து விடாமல் போராடிக் கைதானார். தூதரின் மகன் என்று தெரிந்ததும் அதிகாரிகளின் குரல் மாறியது. தோழர்களை விட்டுத் தாம் மட்டும் வெளியேற அவர் உடன்படவில்லை.

1922 அக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்தார். தந்தை தம் தூதர் பதவியை உடனே துறந்தார். சமயத்தில் ஒன்றுபடாத தந்தையும் மகனும் இவ்விஷயத்தில் முழுமையாக ஒன்றுபட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு டிசம்பரில் டூரினிலேயே பாசிசக் குண்டர்கள் தொழிலாளர் பலரைக் கொன்றனர். 1923 அக்டோபரில் முசோலினி அந்நகருக்கு வந்தபோது, பால்போ வட்டத்தினர் அவரை வரவேற்கும் முகமாகத் தங்கள் கொடியை மாடத்தில் ஏற்றினர். எதிரிகளிடமிருந்து அக்கொடியைக் காத்தவருக்கு, இப்போது தம்மவரிடமிருந்தே அதைக் காக்க வேண்டிய நிலை. கடும் சொற்களில் எதிர்ப்புக் கடிதம் எழுதிவிட்டு வட்டத்திலிருந்து விலகினார். நண்பர்கள் மனம் வருந்தினர்; பின்னர் சமாதானம் ஏற்பட்டு அவர் திரும்பினார் என்றாலும், தாம் கூறியதை மாற்றிக்கொள்ளவில்லை. 1924 ஜூனில், தாயும் அவரும் உணவருந்திக் கொண்டிருந்தபோது பாசிசக் குழுவினர் சிலர் வீட்டிற்குள் புகுந்து பொருட்களை உடைக்கத் தொடங்கினர். ஒருவனது தடியைப் பிடுங்கிக்கொண்டு அவர்களை அவர் விரட்டியடித்தார்.

இத்தனைக்கும் அவர் இறுகிய முகமுடையவர் அல்லர். உரத்துச் சிரிப்பவர்; இராகம் தவறிப் பாடுபவர்; புகைக்குழாய் பிடிப்பவர்; நண்பர்களின் படுக்கை விரிப்புகளை மடித்துக் குறும்பு செய்பவர். 1924 மே மாதத்தில் மலைப்பயணம் ஒன்றின்போது, ஆண்களும் பெண்களுமாகச் சில மாணவ நண்பர்கள் சேர்ந்து 'சந்தேகப் பேர்வழிகள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு வேடிக்கைச் சங்கத்தைத் தொடங்கினர். அதில் பியர் ஜோர்ஜோவின் புனைபெயர், பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கரத் தலைவரான ரோபெஸ்பியர். ஒருவருக்கொருவர் போலி அரசாணைகள் எழுதிச் சிரித்துக்கொண்டனர். ஆனால் அந்த விளையாட்டின் அடியில் ஓர் உடன்படிக்கை இருந்தது. படிப்பு முடிந்து எங்கு பிரிந்து சென்றாலும் பிரார்த்தனையால் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்பதே அது.

ஓர் ஆண்டில் மூன்று இழப்புகள்

அந்த நண்பர் குழுவில் இருந்த ஒரு மாணவியிடம் அவருக்கு ஆழ்ந்த அன்பு உண்டாயிற்று. பெற்றோரை இழந்து எளிய நிலையில் வாழ்ந்தவர் அப்பெண். தம் வீட்டார் இதனை ஏற்கமாட்டார்கள் என்பதை பியர் ஜோர்ஜோ அறிந்திருந்தார். பெற்றோரின் மண வாழ்வோ முறியும் நிலையில் இருந்தது. தம் விருப்பத்தை வற்புறுத்தினால், ஏற்கெனவே விரிசல் கண்ட வீடு முற்றிலும் உடைந்துவிடும். தாம் ஒரு குடும்பம் அமைப்பதற்காக மற்றொரு குடும்பம் சிதைவதை அவர் மனம் ஒப்பவில்லை. அப்பெண்ணிடம் தம் உள்ளத்தை வெளிப்படுத்தாமலேயே அதனை இறைவனிடம் ஒப்படைத்தார். இம்முடிவு சரியானதுதானா என்று வாசகர் எவரும் கேட்கலாம். அவருமே அதனை எளிதாக எடுத்துவிடவில்லை. அந்நாட்களின் கடிதங்களில் அவருடைய போராட்டம் தெளிவாகத் தெரிகிறது. தம் மகிழ்ச்சி விசுவாசத்தில் வேரூன்றியது, ஆகவே துன்பம் அதனை அழிக்காது என்பதை அவர் தமக்குத் தாமே மீண்டும் மீண்டும் நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

1925 ஜனவரியில் லூசியானாவிற்குத் திருமணமாயிற்று. போலந்து நாட்டுத் தூதரக அதிகாரியான கணவருடன் அவர் ஹாலந்திற்குச் சென்றார். ரயில் நிலையத்தில் தங்கையை வழியனுப்பிய பியர் ஜோர்ஜோ அடக்க முடியாமல் அழுதார். அதன்பின் பெற்றோரின் மௌனத்திற்கு நடுவே அவர் தனியே இருந்தார்.

மூன்றாவது அடி ஜூன் மாதத்தில் விழுந்தது. பட்டம் பெற இன்னும் இரண்டு தேர்வுகளே எஞ்சியிருந்தன. படிப்பு முடிந்ததும் மகன் 'லா ஸ்தாம்பா'வின் நிர்வாகத்தில் சேர வேண்டும் என்பது தந்தையின் முடிவு. அதனை நேரில் கூறவும் தயங்கி, தம் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் மூலம் தெரிவித்தார். எந்தச் சுரங்கத் தொழிலாளருக்காக ஏழாண்டுகள் கணிதத்தோடும் கனிமவியலோடும் போராடினாரோ, அந்தக் கனவு அத்துடன் முடிந்தது. தந்தைக்கு இது மகிழ்ச்சியளிக்குமா என்று மட்டும் பியர் ஜோர்ஜோ வினவினார். ஆம் என்ற விடை கிடைத்ததும் இசைந்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை

1925 ஜூன் 30-ஆம் நாள் அவருக்குத் தலைவலியும் உடல்வலியும் தோன்றின. அப்போது வீட்டில் பாட்டியார் மரணப் படுக்கையில் இருந்தார். அனைவரது கவனமும் அங்கே இருக்க, வலிமை மிக்க இந்த இளைஞரின் நோவை எவரும் பொருட்படுத்தவில்லை. தேவைப்படும் நேரத்தில் உதவிக்கு இல்லாமல் போகிறானே என்று தாய் கடிந்துகொண்டார். ஜூலை 1-ஆம் நாள் பாட்டியார் காலமானார். பிரார்த்திப்பதற்காக அவரது அறைக்குச் சென்ற பியர் ஜோர்ஜோ, வழியில் கால்கள் தளர்ந்து விழுந்து எழுந்தார், யாரையும் அழைக்கவில்லை. பாட்டியாரின் நல்லடக்க நாளன்று படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. அதன் பின்னரே மருத்துவர்கள் உண்மையை அறிந்தனர். கொடிய இளம்பிள்ளை வாதம் அவரது உடலில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. தாம் சென்று பார்த்து வந்த ஏழை நோயாளிகளிடமிருந்தே அது தொற்றியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து மருந்து வரவழைக்க முயன்றனர், காலம் கடந்துவிட்டது.

ஜூலை 3 வெள்ளிக்கிழமை. வின்சென்ட் சங்கத்தார் ஏழைகளின் இல்லங்களுக்குச் செல்லும் நாள். அன்று மாலை, செயலிழந்து கொண்டிருந்த கையால் ஒரு சிறு சீட்டில் நண்பருக்குச் சில வரிகளைக் கிறுக்கினார். தம் சட்டைப்பையில் இருந்த ஊசி மருந்து இன்ன நோயாளிக்கு உரியது; இன்னாரது அடகுச் சீட்டு கெடு முடியப் போகிறது, தம் கணக்கில் அதனைப் புதுப்பித்துவிட வேண்டும். எழுத்துகள் கோணலாக, படிக்கவே அரிதாக இருந்தன. உயிர் பிரியும் நேரத்தில் அவர் எழுதியது இறையனுபவத்தைப் பற்றியன்று. ஓர் அடகுச் சீட்டைப் பற்றி. மறுநாள் ஜூலை 4 மாலை ஏழு மணியளவில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஃபிரசாத்தி குடும்பத்தின் தகுதிக்கேற்பப் பிரமுகர்கள் வருவர் என்றே பெற்றோர் எதிர்பார்த்திருந்தனர். ஆனால் நல்லடக்க ஊர்வலத்தின் தெருக்களை நிறைத்தவர்கள் வேறு மனிதர்கள். கந்தல் உடுத்தோர், ஊன்றுகோலில் வந்தோர், கைக்குழந்தையோடு நின்ற பெண்கள் என நகரின் ஏழைகள் திரண்டு வந்திருந்தனர். சவப்பெட்டியைத் தொட்டுவிடத் துடித்தனர். ஏழாண்டுகள் தனித்தனியே ஓடிய இரு வாழ்க்கைகள் அன்று ஒரே தெருவில் சந்தித்தன. தங்கள் படிகளில் மூட்டையோடு ஏறி வந்த இளைஞர் செனட்டர் ஃபிரசாத்தியின் மகன் என்பது அந்த ஏழைகளில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. தம் மகன் எங்கே சென்று எதற்காகத் தாமதமாக வந்தான் என்பது அந்தத் தந்தைக்கும் அன்றுதான் தெரிந்தது.

பின்னர்

உடல் பொல்லோனே என்ற ஊரில் உள்ள குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. முறிவின் விளிம்பில் நின்ற பெற்றோர் பிரியவில்லை. தந்தை 1961 வரை வாழ்ந்தார். முதுமையில் இறைநம்பிக்கைக்குத் திரும்பினார் என்பர். புனிதர் நிலைக்கான விசாரணை 1932-இல் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் கலந்து சென்ற மலைப்பயணங்களைப் பற்றிச் சிலர் எழுப்பிய ஐயங்களால் அது நெடுங்காலம் தடைப்பட்டு நின்று, 1978-இல் மீண்டும் நகர்ந்தது. 1990 மே 20-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார். அவ்வாண்டில் அவரது உடல் டூரின் பேராலயத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அண்ணனை அறிந்தோரின் நினைவுகளைத் தேடித் தேடித் தொகுத்து, அவரைப் பற்றிய நூல்களை எழுதிய லூசியானா அப்போது 87 வயதில் அந்த விழாவைக் கண்டார். 2007-இல், 105-ஆம் வயதில் அவர் காலமானார். 2025-இல் திருத்தந்தை பதினான்காம் லியோ, கணினித் துறையில் ஆர்வம் கொண்டு 15 வயதில் மறைந்த கார்லோ அகுத்திஸ் என்ற சிறுவரோடு சேர்த்து, பியர் ஜோர்ஜோவையும் ஒரே நாளில் புனிதராக அறிவித்தார்.